ராத்திரி ட்யூட்டிக்கு வெஸ்டர்ன் பாலட் சொல்லுங்க (பழசு, புதுசு எதுவானாலும் சரி)

இரவு_ஷிஃப்ட் | இரவு 11.48

எல்லாருக்கும் வணக்கம். நான் 110 கேவி சப்ஸ்டேஷன்ல ஆபரேட்டர். மாசத்துல பத்துப் பன்னிரண்டு நாள் ராத்திரி ட்யூட்டி. மணிக்கொரு தடவை எழுந்து பேனல்ல வோல்டேஜ், ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் டெம்பரேச்சர் எல்லாம் பார்த்து லாக் ஷீட்ல எழுதணும். நடுவுல வேலையும் இருக்காது, தூங்கவும் கூடாது. ஒரு காதுல மட்டும் இயர்போன். இன்னொரு காது ஃபோனுக்கும் அலாரத்துக்கும்.

ராஜா பாட்டு சுத்திச் சுத்திக் கேட்டாச்சு. சரி, இங்கிலீஷ்ல மெலடி எப்படி இருக்கும்னு பார்க்க பாட்டு ஆப்பைத் திறந்தேன். 'பாலட்'னு ஒரு லிஸ்ட் குடுத்துச்சு. நூறு பாட்டு. முதல்ல பியானோ, அப்புறம் ஒருத்தர் தழுதழுப்பார், ரெண்டாவது சரணத்துல டிரம்ஸ் விழும், கடைசியில தொண்டை கிழியும். பத்து பாட்டுக்கு மேல எது எதுன்னே தெரியல. மூணாவது நாள் பாட்டை நிறுத்திட்டு டிரான்ஸ்ஃபார்மர் இரைச்சலையே கேட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். அதுவே தேவலை.

நல்லதா நாலு சொல்லுங்க. பேர் மட்டும் போட்டுட்டு ஓடிடாதீங்க, எதுக்குக் கேக்கணும்னு ரெண்டு வரி எழுதுங்க. இங்கிலீஷ் எனக்கு அரைகுறைதான். அப்புறம், பாலட்னா என்ன? மெதுவா பாடினா பாலட்டா?

முட்டைபோண்டா | இரவு 11.53

அடேல், 'சம்ஒன் லைக் யூ', 2011. ஒரு பியானோ, ஒரு குரல், வேற ஒண்ணும் கிடையாது. கேட்டுட்டு அழுங்க. இழையைப் பூட்டிடலாம்.

இரவு_ஷிஃப்ட் | இரவு 11.55

தம்பி, அது அந்த லிஸ்ட்ல முதல் பாட்டு. நல்லாத்தான் இருக்கு. ஆனா ராத்திரி மூணு மணிக்கு ஆள் இல்லாத கன்ட்ரோல் ரூம்ல அழுதா செக்யூரிட்டி என்ன நினைப்பார்?

வானொலிப்பெட்டி | காலை 5.40

தம்பிக்கு வணக்கம். எனக்கு வயது அறுபத்தெட்டு. எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. இலங்கை வானொலி தமிழ்ச் சேவையைத் தேடி முள்ளைத் திருப்பினால் சில நேரம் ஆங்கிலச் சேவை வந்து மாட்டும். அப்பா வீட்டில் இல்லாத நேரமாக இருந்தால் முள்ளை அங்கேயே விட்டுவிடுவோம். என் ஆங்கிலப் பாட்டுப் படிப்பு அவ்வளவுதான்.

நீங்கள் கேட்க வேண்டியது 'அன்செயின்ட் மெலடி'. 1955-இல் 'அன்செயின்ட்' என்ற சிறைச்சாலைப் படத்துக்காக அலெக்ஸ் நார்த் மெட்டமைத்து ஹை ஸாரெட் எழுதியது. படத்தின் பெயரைத் தலைப்பில் ஒட்டிவிட்டார்களே தவிர, அந்தச் சொல் பாட்டில் ஓரிடத்திலும் கிடையாது. வீட்டுக்குப் போக ஏங்குகிற ஒருவன், நேரம் நகரமாட்டேன் என்கிறது என்று பாடுகிறான். சிறைப் படம் என்று தெரிந்துகொண்டு கேட்டால் 'எனக்காகக் காத்திரு' என்கிற வரி வேறு மாதிரி விழும். ராத்திரிக் காவலில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டனில் இந்த ஒரே பாட்டு நான்கு வேறு வேறு கலைஞர்கள் பாடி நான்கு தடவை முதலிடம் பிடித்தது. நீங்கள் கேட்க வேண்டியது 1965-இல் ரைட்டியஸ் பிரதர்ஸ் பெயரில் வந்தது. பெயரில்தான் இருவர், பாடுவது பாபி ஹாட்ஃபீல்ட் ஒருவர் மட்டும். தாழ்ந்த குரலில் மெதுவாகத் தொடங்கி, கடைசியில் ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறுவார். 1990-இல் 'கோஸ்ட்' படத்தில் வந்து மறுபடி உலகம் சுற்றியது.

முடிந்தால் 1977 ஜூனில் எல்விஸ் தானே பியானோ வாசித்துப் பாடிய காணொளியையும் பாருங்கள். முகமெல்லாம் வியர்வை, உடம்பு ஊதியிருக்கிறது, குரல் மட்டும் குறையவில்லை. அடுத்த இரண்டு மாதத்துக்குள் போய்விட்டார்.

நாட்டார்_வழக்கு | காலை 8.15

பாலட் என்றால் என்ன என்று கேட்டீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மெதுவான காதல் பாட்டுக்குப் பாலட் என்று பெயர் வந்தது பின்னால். சொல்லின் வேர் லத்தீனில் 'ஆடுதல்'. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாய்மொழியாகக் கதை சொல்லும் பாட்டைத்தான் பாலட் என்றார்கள். கொலை, கப்பல் கவிழ்ந்தது, காதலன் செத்தது, பேய் வந்தது எல்லாம் அதில் உண்டு. தமிழில் இதற்குக் கதைப்பாடல் என்று பெயர், நல்லதங்காள் கதை, முத்துப்பட்டன் கதை மாதிரி.

ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் இப்படி 305 பாட்டுகளைப் பாடபேதங்களோடு தொகுத்தார். 1882-இல் வெளிவரத் தொடங்கியது, கடைசிப் பகுதி அச்சேறியது 1898-இல். அதைப் பார்க்க அவர் இல்லை. இன்றைக்கும் அந்தப் பாட்டுகளை அவர் போட்ட எண்ணாலேயே குறிப்பிடுவார்கள்.

84-ஆம் எண் 'பார்பரா ஆலன்'. சாகக் கிடக்கும் இளைஞன் அவளுக்கு ஆள் அனுப்புகிறான். அவள் மெதுவாக எழுந்து, மெதுவாக வந்து, திரையை விலக்கிப் பார்த்து, 'நீ செத்துக்கொண்டிருக்கிறாய் போலிருக்கிறது' என்கிறாள். அவ்வளவுதான் பேச்சு. அவன் போகிறான். ஊர் மணி அடிக்கிறது. மறுநாள் இவள். ஒரு கல்லறையில் ரோஜா முளைக்கிறது, இன்னொன்றில் முட்செடி. இரண்டும் வளர்ந்து மேலே முடிச்சிட்டுக்கொள்கின்றன. சாமுவேல் பீப்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1666 ஜனவரி 2-ஆம் தேதி நாட்குறிப்பில், ஒரு நடிகை இந்தப் பாட்டைப் பாடிக் கேட்டு மகிழ்ந்ததாக எழுதியிருக்கிறார். ஜோன் பேயஸ் 1961-இல் ஒரே ஒரு கிட்டாரோடு பாடியது இருக்கிறது. பாடுகிறவர் அழவே மாட்டார். கதை தன் பாட்டுக்கு நடக்கும். நீங்கள் அலுத்துப்போன அந்த நூறு பாட்டில் இல்லாதது இதுதான்.

முட்டைபோண்டா | காலை 8.31

அண்ணன் ராத்திரி தூங்காம இருக்கப் பாட்டு கேட்டார். நீங்க எம்.ஃபில். வைவா நடத்துறீங்க.

நாட்டார்_வழக்கு | காலை 8.34

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது குற்றமா? அடேல் பாட்டில் கதை எங்கே? பழைய காதலனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஒரு வரிச் செய்தி. மீதி நாலரை நிமிஷம் விம்மல்.

முட்டைபோண்டா | காலை 8.36

அவ சொல்லாமக் கொள்ளாம அவன் வீட்டு வாசலுக்கே போய் நிக்கிறா சார். அது கதை இல்லையா?

மட்டுறுத்துநர் | காலை 9.02

காலையிலேயே வேண்டாம். பாட்டைப் பேசுங்கள்.

பனிக்கால_யாழ் | மாலை 6.20

நான் ரொறன்ரோவில இருக்கிறன். வந்த புதுசில எனக்கும் இரவு வேலைதான், ஒரு பேக்கரியில. பக்கத்தில நிண்டு வேலை செய்த வெள்ளைக்காரக் கிழவன் ஒவ்வொரு நவம்பரும் ஒரு பாட்டைப் போடுவான். முதல் வருசம் எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை, ஆனா கப்பல் எண்டு மட்டும் விளங்கினது. நாட்டார் சொன்ன கணக்கில இது சுத்தமான பாலட். பழசும் இல்லை.

கோர்டன் லைட்ஃபுட் பாடின 'தி ரெக் ஆஃப் தி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்'. 1975 நவம்பர் 10 இரவு, இரும்புத்தாது ஏத்திக்கொண்டு போன கப்பல் சுப்பீரியர் ஏரியில தாண்டு போச்சு. 29 பேர். ஒருத்தற்ற உடலும் கிடைக்கேல்லை. அடுத்த வருசமே லைட்ஃபுட் பாட்டு எழுதிப்போட்டார். ஆறு நிமிசத்துக்கு மேல ஓடும், பல்லவியே இல்லை, ஒரே மெட்டு திரும்பத் திரும்ப அலை மாதிரி வரும். சமையல்காரன் வந்து 'இண்டைக்குச் சாப்பாடு தர ஏலாது, காத்து கூடிப் போச்சு' எண்டு சொல்லுற இடம் ஒண்டு இருக்கு. எனக்கு அந்த இடம் எப்பவும் வயித்தைப் பிசையும். கடலோட பிறந்த ஆக்களுக்கு விளங்கும்.

ஒரு விசயம் சொல்லவேணும். பாட்டில ஒரு வரி, கப்பலின்ர பிரதான மூடி உடைஞ்சது எண்டு வரும். அந்த மூடியளைப் பூட்டுறது மாலுமியளின்ர வேலை, அப்ப பிழை அவையளில எண்டு ஆகுது. 2010-இல அதுக்கு மாறான ஆய்வு ஒண்டு வந்தபிறகு லைட்ஃபுட் மேடையில அந்த வரியை மாத்தித்தான் பாடினவர். அப்ப பாட்டுக்கு வயசு முப்பத்திச் சொச்சம். இறந்த பிள்ளையளின்ர தாய்மார் கேட்டுக்கொண்டிருக்கினம் எண்டு நினைச்சுப் பாடின மனுசன்.

டெட்ரொய்ட்டில ஒரு மாலுமியள் தேவாலயம் இருக்கு, பாட்டின்ர கடைசியில 29 தரம் மணி அடிக்குமே, அது அங்கதான். 2023-இல லைட்ஃபுட் செத்தபிறகு அந்த மணியை 30 தரம் அடிச்சவை.

இரவு_ஷிஃப்ட் | இரவு 10.15

அண்ணே, இப்பத்தான் ட்யூட்டிக்கு வந்தேன். வந்ததும் உங்க பதிவைப் படிச்சேன். முப்பதாவது மணி. இன்னைக்கு ராத்திரி முதல் பாட்டு அதான்.

ஆறுகம்பி | இரவு 10.40

கிட்டார் சொல்லிக் குடுக்கிறது என் பொழைப்பு. இருபது வருஷமா புது ஸ்டூடன்ட் யார் வந்தாலும் ரெண்டு பாட்டுதான் கேப்பாங்க. ஒண்ணு 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்'. கம்பியை அழுத்தாம சும்மா மீட்டினாலே முதல் நாலு தட்டு வந்துடும், அதனால. இன்னொண்ணு 'ஹல்லேலூயா'. அதைப் பத்தி ரெண்டு வரி மட்டும்: நாலாவது, அஞ்சாவதுன்னு பாட்டு சொல்ற இடத்துல கார்டும் (ஒண்ணா மீட்டுற சுரக்கூட்டு) நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் போகும், மைனர்னு சொன்னா மைனர் விழும். லெனர்ட் கோஹன் 1984-ல போட்டார், அப்ப யாரும் சீண்டல. ஜெஃப் பக்லி 1994-ல பாடினதைக் கேளுங்க. அப்புறம் பாட்டுப் போட்டிக்காரங்க அதைப் பிழிஞ்சு காயப் போட்டுட்டாங்க, அது பாட்டோட தப்பில்ல.

நான் சொல்ல வந்தது வேற. பீட்டில்ஸ் 'யெஸ்டர்டே', 1965. எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு, அதனாலயே யாரும் ஒழுங்காக் கேக்கிறதில்ல. பால் மெக்கார்ட்னிக்கு மெட்டு தூக்கத்துல வந்துச்சு. வரி வரலன்னு கொஞ்ச நாள் 'பொடிமாஸ் முட்டை'ன்னு போட்டு ஒப்பேத்திக்கிட்டு இருந்தார். நிஜமாத்தான். ரெக்கார்டிங்ல மத்த மூணு பேரும் கிடையாது. ஒரு கிட்டார், ஜார்ஜ் மார்ட்டின் எழுதின நாலு பேர் வாசிக்கிற வயலின் செட், முடிஞ்சது. ரெண்டு நிமிஷம் சொச்சம்.

வேலைப்பாடு எங்க இருக்குன்னா, சாதாரணமா ஒரு சரணம் எட்டு அளவு (நாலு தட்டு ஒரு அளவு) வரும். இதுல ஏழுதான். கையில தாளம் போட்டு எண்ணிப் பாருங்க. எட்டாவது அளவுக்கு நீங்க காத்திருப்பீங்க, அதுக்குள்ள அடுத்த வரி வந்துடும். போனவ ஏன் போனான்னு தெரியலன்னு பாடுற பாட்டுல, ஒரு அளவு சொல்லாமக் கொள்ளாமக் காணாமப் போகுது. திட்டம் போட்டு வெச்சாரான்னு எனக்குக் கவலையில்ல. காதுல விழுதா, அது போதும்.

அடுத்தது 'விச்சிட்டா லைன்மேன்', 1968. இதை உங்களுக்குன்னே சொல்றேன். லைன்மேனைப் பத்தின பாட்டு! ஜிம்மி வெப் எழுதினார். நெடுஞ்சாலையில வண்டி ஓட்டிட்டுப் போறப்போ அத்துவானத்துல ஒரு கம்பத்து மேல ஒத்தை ஆள் ஃபோனைக் காதுல வெச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்திருக்கார். அதான் விதை. பாட்டு முடியல, மூணாவது சரணம் வேணும்னு நினைச்சிருக்கார். அதுக்குள்ள கிளென் கேம்பெல் ரெக்கார்டே பண்ணிட்டார். சரணம் இல்லாத இடத்துல ஆறு கம்பி பேஸ் கிட்டாரை எடுத்து ஒரு சோலோ வாசிச்சு ரொப்பினார். இப்ப அந்த சோலோ இல்லாம அந்தப் பாட்டை நினைக்க முடியாது.

தேன்மிட்டாய் | இரவு 11.25

ஆம்பளைங்க பட்டியல் நீளமாப் போகுது, நடுவுல நுழைஞ்சுக்கிறேன்.

'ஐ கான்ட் மேக் யூ லவ் மீ', பானி ரெய்ட், 1991. எழுதினவங்கள்ல ஒருத்தர் மைக் ரீட். அதுக்கு முன்னாடி அமெரிக்கன் ஃபுட்பால்ல தடுப்பாட்டக்காரர். பேப்பர்ல ஒரு செய்தி படிச்சிருக்கார்: குடிச்சுட்டுக் காதலியோட காரைச் சுட்டவன் ஒருத்தன் கோர்ட்ல நிக்கிறான். என்ன பாடம் கத்துக்கிட்டேன்னு ஜட்ஜ் கேக்குறார். 'அவளுக்குப் பிடிக்கலன்னா நம்மால பிடிக்க வைக்க முடியாது ஐயா'ங்கிறான். பாட்டே அதான். முதல்ல வேகமான நாட்டுப்புற மெட்டாத்தான் யோசிச்சாங்களாம், அப்புறம் வேகத்தைக் குறைச்சுப் பார்த்திருக்காங்க.

இதுல யாரும் கத்த மாட்டாங்க. விளக்கை அணைச்சுடு, இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் பொய் சொல்லாம இருன்னு கேக்குறா. விடிஞ்சா நான் விட்டுடறேன்கிறா. என் கல்யாணம் முறிஞ்ச வருஷம் இந்தப் பாட்டை நான் கேக்கவே இல்ல. அடுத்த வருஷம் கேட்டேன். ஒண்ணும் ஆகல, தோசை ஊத்திக்கிட்டே கேட்டேன். அப்பத்தான் எனக்கே தெரிஞ்சது, ஆறிடுச்சுன்னு.

ரெண்டாவது, 'போத் சைட்ஸ் நவ்'. ஜோனி மிட்செல். மேகத்தை மேலேருந்தும் பார்த்தாச்சு, கீழேருந்தும் பார்த்தாச்சு, இன்னும் மேகம்னா என்னன்னு தெரியலங்கிறது பாட்டு. விமானத்துல உக்காந்து கீழ மேகத்தைப் பார்த்தப்போ தோணினது. எழுதினப்போ அவங்களுக்கு இருபத்து மூணு வயசு. 1969-ல அவங்களே கிட்டார் வாசிச்சுப் பாடினது, குரல் குயில் மாதிரி. கேட்டா 'இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்'னு தோணும்.

அப்புறம் 2000-ல பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோட மறுபடி பாடினாங்க. வயசு ஐம்பத்தஞ்சு தாண்டியாச்சு, சிகரெட் பிடிச்சுப் பிடிச்சுக் குரல் அடித்தொண்டைக்கு இறங்கிடுச்சு. வரியில ஒரு சொல் மாறல. ஆனா 'வாழ்க்கைன்னா என்னன்னு எனக்கு உண்மையிலேயே தெரியல'ங்கிற இடம் வரும்போது... போய்க் கேளுங்க. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேக்கணும், அதான் நிபந்தனை. இதுக்குமேல பழசு புதுசு சண்டை வேண்டாம்.

ஆறுகம்பி | இரவு 11.41

தேன்மிட்டாய் அக்கா சொன்ன மாதிரி ஜோடி போட்டுக் கேக்க இன்னொண்ணும் இருக்கு. 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. விட்னி ஹூஸ்டன் 1992-ல பாடினது ஊருக்கே தெரியும். முதல் சரணம் வாத்தியமே இல்லாம வெறும் குரல், கடைசிக்கு முன்னாடி ஒரு மௌனம், ஒரே ஒரு டிரம் அடி, உடனே ஒரு படி மேல. இதை நாங்க கியர் மாத்துறதுன்னு கேலி பண்ணுவோம். மேட்டுல லாரி ஏறுற மாதிரி. ஆனா இவங்க மாத்தினா ஒத்துக்கணும்.

எழுதிப் பாடினது டாலி பார்ட்டன், 1974. ஜோடியா ஏழு வருஷம் டிவி நிகழ்ச்சி பண்ணின போர்ட்டர் வேகனர்கிட்டேருந்து பிரிஞ்சு போறதுக்காக எழுதினது. காதல் பாட்டே இல்ல, வேலையை விட்டு நிக்கிற பாட்டு! எல்விஸ் பாட ஆசைப்பட்டார், அவர் மேனேஜர் பாட்டு உரிமையில பாதி கேட்டார். டாலி அன்னைக்கு ராத்திரி முழுக்க அழுதுட்டு, குடுக்க மாட்டேன்னுட்டாங்க. விட்னி பாடினப்போ வந்த பணத்தைக் கணக்குப் போட்டுக்கோங்க.

முட்டைபோண்டா | இரவு 11.50

ராஜினாமாக் கடிதத்துக்கு மெட்டு போட்டிருக்காங்க. நானும் எழுதுறேன், எங்க மேனேஜர் அழுவாரான்னு பார்ப்போம்.

சீரியஸா ஒண்ணு. புதுசுல நீங்க யாரும் எதுவுமே சொல்லல. 'டிரைவர்ஸ் லைசென்ஸ்', ஒலிவியா ரோட்ரிகோ, 2021. பாடினப்போ பதினேழு வயசு. கார் கதவைத் திறந்தா 'டிங் டிங்'னு ஒரு ஓசை வருமே, அதுல பாட்டு ஆரம்பிக்கும். அந்த டிங்கே அப்படியே பியானோ ஆகிடும். லைசென்ஸ் வாங்கிட்டா நேரா அவன் வீட்டுக்குத்தான் ஓட்டிட்டு வரணும்னு பேசி வெச்சிருந்தாங்க. லைசென்ஸ் வந்துடுச்சு, அவன் இல்ல. அவன் தெரு வழியாச் சும்மா ஓட்டிட்டுப் போறா. நாட்டார் சார், இது கதைதானே? ரோஜா முளைக்க ஒரு கல்லறைதான் இல்ல.

நாட்டார்_வழக்கு | காலை 7.50

இரவில் கேட்டேன். சொன்னால் கோபிக்காதீர்கள், நடுவில் வரும் அந்தப் பெருங்குரல் இல்லாமல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் கதைதான். ஒத்துக்கொள்கிறேன்.

கார் என்றதும் நினைவுக்கு வந்தது. 'ஃபாஸ்ட் கார்', டிரேசி சாப்மன், 1988. என்னைக் கேட்டால் சைல்ட் இன்று உயிரோடிருந்தால் 306-ஆம் எண் போட்டிருப்பார். குடிகார அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்தியவள், கடையில் கல்லாவில் நிற்பவள், அவனுடைய காரில் ஏறி ஊரைவிட்டே போய்விடலாம் என்கிறாள். போகிறார்கள். கடைசிச் சரணத்தில் அவனும் குடிக்கிறான். அப்பாவின் கதை திரும்ப வந்துவிட்டது. அதை அவள் ஓரிடத்திலும் சொல்லிக் காட்டமாட்டாள். அதே கிட்டார் மீட்டல் முதலிலிருந்து கடைசிவரை உருளும், நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். பார்பரா ஆலனில் திரையை விலக்கிப் பார்க்கிற அதே கை.

அந்தப் பாட்டு உலகத்துக்குத் தெரிந்ததும் ஒரு கதை. 1988 ஜூன், லண்டன் வெம்ப்ளி மைதானம், மண்டேலாவின் எழுபதாம் பிறந்தநாள் இசை நிகழ்ச்சி. சாப்மன் தன் முறை பாடிவிட்டுப் போய்விட்டார். பின்னால் வர வேண்டிய பாடகர் ஸ்டீவி வொண்டரின் கருவிக்கான ஹார்ட் டிஸ்க் காணாமல் போனதில் அவரால் மேடை ஏற முடியவில்லை. இடத்தை நிரப்ப மறுபடி இந்தப் பெண்ணை அனுப்பினார்கள். ஒரு கிட்டாரோடு வந்து நின்று இதைப் பாடினார்.

தேன்மிட்டாய் | காலை 9.10

அதை 2023-ல லூக் கோம்ஸ்னு ஒரு நாட்டுப்புறப் பாடகர் திரும்பப் பாடினார். தாடி வெச்ச ஆம்பளை. 'கல்லாவுல நிக்கிற பொண்ணு'ங்கிற வரியை மாத்தாம அப்படியே பாடினார், அதுக்காகவே எனக்குப் பிடிக்கும். 2024 பிப்ரவரி கிராமி விழாவுல சாப்மனும் அவரும் சேர்ந்து பாடினப்போ அவர் மைக்கு முன்னாடி நின்னு பார்த்த பார்வையைப் பாருங்க, பள்ளிக்கூடப் பையன் டீச்சரைப் பார்க்கிற மாதிரி. அதே ராத்திரி, அதே மேடையில, எண்பது வயசு ஜோனி மிட்செல் நாற்காலியில உக்காந்து 'போத் சைட்ஸ் நவ்' பாடினாங்க. 2015-ல மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு, நடக்கவும் பேசவும் மறுபடி கத்துக்கிட்டு வந்தவங்க. ஆக நான் ரெண்டு தடவை கேளுங்கன்னது தப்பு. மூணு தடவை கேக்கணும்.

பனிக்கால_யாழ் | மாலை 5.30

அந்த நிகழ்ச்சி நாங்கள் குடும்பமாப் பாத்தனாங்கள். என்ர மகள் இஞ்ச பிறந்தவ, அவவுக்கு டிரேசி சாப்மனைத் தெரியாது, கோம்ஸின்ர பாட்டு எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தவ. 'அப்பா, இது இவவின்ர பாட்டோ' எண்டு கேட்டா. நான் ஒண்டும் சொல்லேல்லை, பார் எண்டன்.

தம்பி, கப்பல் கேட்டனீரோ?

இரவு_ஷிஃப்ட் | இரவு 1.20

கேட்டேன் அண்ணே. ஒரு மணி ரீடிங் எழுதிட்டு உக்காந்து எழுதுறேன். கப்பல் பாட்டு மூணு ராத்திரியா ஓடுது. வார்த்தை பாதிதான் புரியுது, ஆனா அந்தச் சமையல்காரர் வர்ற இடம் இப்ப எனக்கே தெரியுது. அடுத்து என்ன ஆகும்னு தெரிஞ்சும் 'இன்னைக்காவது கரை சேர்ந்துடாதா'ன்னு இருக்கு.

ஆறுகம்பி சார், லைன்மேன் பாட்டு. இதைப் பத்தி நான் கொஞ்சம் பேசணும். கம்பியில நீ பாடுறது கேக்குதுன்னு அவன் சொல்றான். கேக்கிறவங்க அதைக் கவிதைன்னு நினைப்பாங்க. இல்ல, கம்பி நிஜமாவே பாடும். பெருங்காத்துல இல்ல, சீரா மெல்லிசாக் காத்து வீசினா 'ங்ங்'னு இரையும். அந்த அதிர்வுல கம்பி நைஞ்சு போகக் கூடாதுன்னுதான் ஹைடென்ஷன் லைன்ல டவர் பக்கத்துல டேம்பர் மாட்டுவோம், சின்ன டம்பெல் மாதிரி தொங்கும், பார்த்திருப்பீங்க.

அப்புறம் பனி விழுந்தா தெற்கால இருக்கிற அந்த ஸ்பான் (ரெண்டு கம்பத்துக்கு நடுவுல ஓடுற கம்பி) தாங்காதுன்னு கவலைப்படுறான் பாருங்க. காதலி ஞாபகத்துக்கு நடுவுல! எழுதினவர் லைன்மேன் இல்லங்கிறதை என்னால நம்ப முடியல. நமக்குப் பனி கிடையாது, புயல்தான். 2018-ல கஜா அடிச்சப்போ எங்களை டெல்டாவுக்கு அனுப்பினாங்க. கண்ணுக்கெட்டின தூரம் கம்பம் சாஞ்சு கெடந்துச்சு. பதினேழு நாள் அங்கதான். வீட்டுக்காரம்மாகிட்ட ஃபோன்ல பேசுறப்போ, சாப்பிட்டியா தூங்கினியான்னு அவங்க கேக்க, நான் இன்னும் எத்தனை கம்பம் பாக்கின்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அந்தப் பாட்டு அதேதான். இன்னைக்கு அவங்களைக் கேக்கச் சொன்னேன். 'மெட்டு நல்லாருக்கு, என்ன சொல்றான்'னாங்க. 'கம்பியைப் பத்திச் சொல்றான்'னேன். 'அங்கயுமா'ன்னாங்க.

ஆறுகம்பி | இரவு 1.34

நானும் முழிச்சுட்டுத்தான் இருக்கேன். ஒரு சந்தேகம். முதல் நாள் சொன்னீங்களே, டிரான்ஸ்ஃபார்மர் இரைச்சலைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்னு. அது எத்தனை ஹெர்ட்ஸ்?

இரவு_ஷிஃப்ட் | இரவு 1.38

நூறு. நம்ம சப்ளை 50 சைக்கிள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் உள்ள இருக்கிற இரும்புக் கோர் ரெண்டு தடவை இழுபட்டு விடும், அதனால ரெண்டு மடங்கு.

ஆறுகம்பி | இரவு 1.41

நினைச்சேன். கிட்டார்ல தடிமனான கம்பியில மூணாவது கட்டை, ஜி சுரம், 98 ஹெர்ட்ஸ். உங்க பக்கத்துல ஒரு தம்புரா ராத்திரி பூரா ஜி-யில ஓடிக்கிட்டு இருக்கு!

ஜி-யில ஒரு பாட்டு சொல்றேன். எரிக் கிளாப்டன், 'வொண்டர்ஃபுல் டுநைட்', 1977. பார்ட்டிக்குக் கிளம்பணும், பின்னால வீட்டுக்காரம்மா ஆன காதலி டிரெஸ் மாத்தி மாத்திப் பார்க்கிறாங்க, இவர் கீழ கிட்டாரோட காத்துக்கிட்டு இருந்த நேரத்துல எழுதினது. வெளியில நின்னு, இயர்போன் இல்லாம, ஃபோன் ஸ்பீக்கர்ல போட்டுப் பாருங்க.

பனிக்கால_யாழ் | இரவு 1.52

இஞ்ச 60 சைக்கிள். அப்ப எங்கட டிரான்ஸ்ஃபோமருக்கு என்ன பாட்டு?

ஆறுகம்பி | இரவு 1.55

120 வரும் அண்ணே. பி-க்கும் பி ஃபிளாட்டுக்கும் நட்ட நடுவுல. ஒரு பாட்டுக்கும் ஒத்து வராது.

இரவு_ஷிஃப்ட் | இரவு 2.17

ரெண்டு மணி ரீடிங் எழுதிட்டு யார்டு வேலிக்கு வெளியில நின்னு போட்டேன். முதல் கிட்டார் வந்ததும் சேர்ந்துடுச்சு சார். முழுசா இல்ல, டிரான்ஸ்ஃபார்மர் ஒரு மயிரிழை மேல நிக்குது, லேசா உரசுது. ரெண்டாவது சரணத்துல செக்யூரிட்டி வந்து பக்கத்துல நின்னார். என்ன பாட்டுன்னு கேட்டார். பொண்டாட்டி கிளம்பறதுக்காகக் காத்திருக்கிறவன் பாட்டுன்னேன். இன்னொரு தடவை போடச் சொன்னார்.